அப்பத்தாவின் இரவுகளுக்கு ஏற்ற இல்லம்

இடுப்பெலும்பு முறிவுக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்ட எங்கள் அப்பத்தா, 83 வயதில், காரைக்குடியை அடுத்த ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் எட்டு மாதங்களாகத் தங்கியிருக்கிறார்.

இல்லம் தேடுமுன், குளித்தல், உடுத்தல், கழிப்பறைக்குச் செல்லுதல், கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுதல், சிறுநீர் மலத்தை அடக்குதல், உண்ணுதல் ஆகிய ஆறிலும் அவருக்கு எவ்வளவு கைத்துணை வேண்டியிருக்கிறது என்று ஒரு வாரம் மணிவாரியாகக் குறித்துவரும்படி மருத்துவர் சொன்னார். 1963இல் சிட்னி காட்ஸ் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட அளவுகோல் அது. குறித்துப் பார்த்தபோது, பகலில் குளிப்பதற்கு மட்டுமே உதவி கேட்ட அப்பத்தா, இரவில் மூன்று முறை எழுந்தது தெரிந்தது. வீட்டு நடுமுற்றமான வளவைக் கடந்து, உயரமான நிலைப்படிகளைத் தாண்டி, பின்கட்டுக் கழிப்பறைக்குப் போகும் வழியில்தான் அவர் முன்பு விழுந்ததும்.

ஆகவே நாங்கள் பார்த்த மூன்று இல்லங்களுக்கும் முன்னறிவிப்பின்றி இரவு ஒன்பதரை மணிக்குச் சென்றோம். இங்கே மட்டும்தான் பணிப்பெண்கள் இருவர் விழித்திருந்தார்கள், அழைப்பு மணி அடித்த மூன்றாவது நிமிடத்தில் ஒருவர் கட்டிலருகே வந்து, "ஆச்சி, என்ன வேணும்?" என்று கேட்டார். கட்டிலை ஒட்டிக் கழிப்பு நாற்காலியும், சுவரில் பிடிகம்பியும் இருந்தன. படுத்த படுக்கையாக இருப்பவர்களை இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்கவைக்கும் பதிவேட்டில் கடைசிக் குறிப்பு ஒன்பது மணிக்கு எழுதப்பட்டிருந்ததையும் பார்த்தேன்.

குறையும் உண்டு. நீர் பிரிவதற்கான மாத்திரையை முதல் மூன்று வாரம் மாலையில் கொடுத்தார்கள். அதனாலேயே அவருடைய தூக்கம் கெட்டது. மருத்துவரிடம் கேட்டுக் காலை வேளைக்கு மாற்றியது நாங்கள்தான். அணையாடைக்கும் ஆம்புலன்சுக்கும் தனிக் கட்டணம் என்பதைச் சேரும்போதே சொல்லியிருக்க வேண்டும். வாயிற்கதவு பகல் முழுவதும் திறந்தே கிடப்பதால், மறதி நோயால் எழுந்து நடந்துவிடும் பெரியவர்களை இங்கே சேர்க்க நான் சொல்லமாட்டேன்.

அப்பத்தா தம் பங்குக்கு ஒன்றை மட்டும் கேட்டிருந்தார்: நகரத்தார் வீடுகளில் கொண்டாடும் பிள்ளையார் நோன்பன்று வீட்டில் இழை எடுத்துக்கொள்ள வேண்டும், அதாவது மாவில் வைத்து ஏற்றிய நூல்திரியைச் சுடரோடு வாயிலிட்டுக்கொள்ள வேண்டும். அதைச் சேர்க்கைத் தாளிலேயே எழுதிக்கொண்டவர்கள், அன்று இரண்டு நாள் மாத்திரைகளை வேளைவாரியாகப் பிரித்துக் கட்டி, இரவில் அவரை எழுப்பும் முறையை எங்களுக்குச் செய்துகாட்டி அனுப்பினார்கள்.