தேசிய தின விடுமுறை: ஷாங்காயிலேயே இருப்பதா, ரயில் ஏறுவதா, ஊருக்குப் பறப்பதா?

குடும்பத்தோடு சீனாவில் வேலைக்கு வந்திருக்கும் வெளிநாட்டவருக்கு ஒரு வாரத்துக்கு நீளும் பொது விடுமுறை ஆண்டுக்கு இரண்டு முறைதான் வாய்க்கிறது. ஒன்று சீனப் புத்தாண்டு. மற்றொன்று அக்டோபர் 1-இல் தொடங்கும் தேசிய தின விடுமுறை. முன்னது உடலை நடுக்கும் குளிரில் வருகிறது. பின்னதோ ஷாங்காயிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் கோடைப் புழுக்கம் தணிந்து, குழந்தைகளை வெளியே அழைத்துச் செல்லத் தோதான பருவத்தில் வருகிறது. ஆகவே செப்டம்பர் பிறந்ததும் இங்குள்ள இந்தியக் குடும்பங்களிடையே எங்கே போவது என்ற பேச்சு தொடங்கிவிடும். ஊருக்குப் போய்வருவது, ரயிலேறிச் சீனாவைச் சுற்றிப் பார்ப்பது, ஷாங்காயிலேயே இருந்துவிடுவது என்ற மூன்று வழிகளையும் விடுமுறைச் சுகத்தை மட்டும் வைத்து எடைபோடாமல், அன்றாட வாழ்வின் கணக்குகளையும் சேர்த்து எடைபோட வேண்டும் என்பதே என் கருத்து.

முதலில் விடுமுறையின் அமைப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1999 முதல் நடைமுறையில் இருக்கும் இந்த நீண்ட விடுமுறை முழுவதும் இனாமாகக் கிடைப்பதன்று. முன்னும் பின்னும் வரும் சில வார இறுதி நாட்களை வேலை நாட்களாக மாற்றித்தான் அது நீட்டப்படுகிறது. 2025-இல் நடு இலையுதிர்காலத் திருவிழா அக்டோபர் 6 அன்று வந்ததால் விடுமுறை 1 முதல் 8 வரை எட்டு நாட்களாயிற்று. அதற்கு ஈடாக செப்டம்பர் 28 ஞாயிறும் அக்டோபர் 11 சனியும் வேலை நாட்களாயின. பன்னாட்டுப் பள்ளிகள் பலவும் இந்த மாற்று நாட்களைப் பின்பற்றுவதில்லை. அப்பா ஞாயிற்றுக்கிழமை அலுவலகம் போக, பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள். அம்மாவும் வேலைக்குப் போகிறவர் என்றால் அன்றைக்குப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் தேட வேண்டும். வீட்டு வேலைக்கு வரும் ஆயியோ, அன்ஹுய் போன்ற பக்கத்து மாகாணத்துக்காரராக இருந்தால், அந்த வாரம் தம் ஊருக்குப் போய்விடுவதும் உண்டு.

ஊருக்குப் போகும் வழியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. இந்தியாவுக்கும் சீனப் பெருநிலத்துக்கும் இடையே 2020-இல் நின்றுபோன நேரடி விமானங்கள் 2025 அக்டோபர் 26 அன்று கொல்கத்தா–குவாங்சோ தடத்தில்தான் மீண்டும் தொடங்கின. ஷாங்காய்–டெல்லி சேவை அதற்கடுத்த மாதம் வந்தது. சென்னை செல்வோர் இன்னமும் ஹாங்காங், சிங்கப்பூர், பாங்காக் என்று எங்காவது மாறித்தான் போக வேண்டியிருக்கிறது. போக ஒரு நாள், வர ஒரு நாள் கழிந்தால் மிச்சம் ஐந்தாறு நாட்கள்தாம். சீனர்களும் அதே வாரம் வெளிநாடு பறப்பதால் கட்டணமும் ஏறிவிடுகிறது. 2025-இல் ஆயுத பூசை சரியாக அக்டோபர் 1 அன்று வந்தது, கொலு வைத்த வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும் என்ற ஆசையைக் கிளப்பியது உண்மைதான். ஆனால் இலையுதிர் காலத் தொடக்கத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு வசிப்பு அனுமதியைப் புதுப்பிக்கும் காலமும் ஏறத்தாழ இதுவே என்பதையும் மறக்கக் கூடாது. புதுப்பிக்கக் கொடுத்த கடவுச்சீட்டு குடிவரவு அலுவலகத்தில் இருக்கும்போது, அவர்கள் தரும் ரசீதை வைத்து உள்நாட்டு ரயிலில் போகலாம், விடுதியில் தங்கலாம். எல்லையைத் தாண்ட முடியாது. வயதான பெற்றோரைப் பார்த்தே ஆக வேண்டும் என்ற நிலை இல்லாவிட்டால், இந்தப் பயணத்தைக் கோடை விடுமுறைக்கு வைத்துக்கொள்வதே மேல்.

ரயிலேறுவதுதான் பலருடைய முதல் விருப்பம். அதில் நியாயமும் உண்டு, ஏனென்றால் ஷாங்காயின் ஹொங்சியாவ் நிலையத்திலிருந்து சுசோவுக்கு அரை மணி, ஹாங்சோவுக்கு ஒரு மணி, ஹுவாங்ஷான் மலையடிவாரத்துக்குக்கூட பாதிப் பகலுக்குள் போய்விடலாம். சிக்கல் டிக்கெட்டில் தொடங்குகிறது. சீன ரயில்வேயின் 12306 என்ற செயலியில் பயண நாளோடு சேர்த்து பதினைந்து நாட்களுக்கு முன்னால்தான் விற்பனை திறக்கும். அதாவது அக்டோபர் 1-க்கான டிக்கெட் செப்டம்பர் 17 அன்று கிடைக்கும், பல தடங்களில் கொஞ்ச நேரத்திலேயே தீர்ந்தும் போகும். கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் தங்கள் விவரங்களை முன்கூட்டியே செயலியில் சரிபார்த்து வைக்காவிட்டால், அந்த நேரத்தில் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான். ஆறு வயது நிறையாத குழந்தை ஒன்றைத் தனி இருக்கை இல்லாமல் இலவசமாக அழைத்துப் போகலாம். ஆறிலிருந்து பதினான்கு வயதுக்குள் இருந்தால் சலுகை டிக்கெட் உண்டு. 2023-க்கு முன்பு உயரத்தை அளந்து முடிவு செய்த வழக்கம் போய், இப்போது வயதே கணக்கு என்பது, வயதுக்கு மீறி வளர்ந்த பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு நிம்மதி.

காரில் போகலாமே என்று சிலர் கேட்பார்கள். இந்த விடுமுறையில் ஏழு இருக்கைகள் வரையுள்ள வாகனங்களுக்கு நெடுஞ்சாலைச் சுங்கம் 2012 முதல் இலவசம், அதனாலேயே ஊர் முழுக்கச் சாலையில் இறங்கிவிடுகிறது. மின்சார கார் வைத்திருப்போர் வழியோரச் சேவை மையங்களில் சார்ஜ் ஏற்ற வரிசையில் நிற்கிறார்கள். போதாக்குறைக்கு இந்திய உரிமமும் சர்வதேச உரிமமும் இங்கே செல்லாது. நூறு கேள்விகளில் தொண்ணூறு மதிப்பெண் எடுத்துச் சீன உரிமம் வாங்கியவர்களுக்கு மட்டுமே இந்தப் பேச்சு பொருந்தும்.

போய்ச் சேர்ந்த இடத்தில் என்ன கிடைக்கிறது என்பதே அடுத்த கேள்வி. ஹாங்சோவின் மேற்கு ஏரிக்கரையில் உள்ள துவான்சியாவ் பாலம், சாதாரண வார நாளில் பத்து நிமிடம் நின்று தண்ணீரைப் பார்க்கக்கூடிய இடம். அக்டோபர் 2 அன்று கல் தெரியாமல் தலைகளே தெரியும். ஹுவாங்ஷானில் கேபிள் கார் வரிசையிலேயே பிள்ளைகள் சோர்ந்துவிடுவார்கள்; உச்சியில் உள்ள விடுதிகளின் அறை வாடகை பல மடங்காகும்; படிக்கட்டில் ஒருவர் நின்றால் பின்னால் வருகிற அத்தனை பேரும் நிற்க வேண்டியிருக்கும். ஆயினும் 1,864 மீட்டர் உயரமுள்ள தாமரைச் சிகரத்தைச் சுற்றி மேகம் கலையும் காட்சிக்காக இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம் என்பவர்களை நான் தடுக்க மாட்டேன்.

தமிழ்க் குடும்பங்களுக்கு நான் பரிந்துரைக்கும் ரயில் பயணம் வேறு. ஃபூசியான் மாகாணத்தின் சுவான்சோ, 2021-இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்ந்த பழைய துறைமுகம். 1281-ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு கிடைத்த ஊர். அங்குள்ள கையுவான் புத்தக் கோயிலின் பெரிய மண்டபத்துக்குப் பின்புறம் போனால், இடிந்துபோன ஒரு சிவன் கோயிலிலிருந்து வந்தவை எனக் கருதப்படும் இரண்டு தூண்கள் நிற்கின்றன. அவற்றில் நரசிம்மரும் கண்ணனும் சிறு வட்டங்களுக்குள் செதுக்கப்பட்டிருப்பதைப் பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள். இந்த ஊரும் இப்போது கூட்டத்துக்குத் தப்பவில்லை. தலையில் பூவளையம் சூடிப் படமெடுக்க சுன்பு மீனவர் கிராமத்துக்கு நாடெங்குமிருந்து வருகிறார்கள். தூண்களுக்கு முன்னால் மட்டும் கூட்டம் அவ்வளவாக இருப்பதில்லை.

இனி ஷாங்காயிலேயே இருப்பது. இதைச் சோம்பேறிகளின் வழி என்று கேலி செய்பவர்கள் உண்டு. என் கணிப்பில் சின்னப் பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு இதுவே முந்தி நிற்கிறது. உள்ளூர்க்காரர்களில் பலர் வெளியேறிவிடுவதால் குடியிருப்புப் பகுதிகள் ஓய்ந்துகிடக்கும், சந்தையில் நெரிசல் குறையும். அதே நேரம் வெளியூர்க்காரர்கள் நகரின் நடுவில் வந்து குவிகிறார்கள். அக்டோபர் 1 மாலை நதிக்கரை விளக்குகளைப் பார்க்க நான்சிங் கிழக்குச் சாலைக்குப் போனால், சாலைச் சந்திப்பில் காவல் படையினர் கைகோத்து நின்று மனிதச் சுவராகக் கூட்டத்தை நிறுத்தியும் விட்டும் அனுப்புவதைக் காணலாம். மெட்ரோ ரயில் அந்த நிலையத்தில் நிற்காமலே போய்விடுவதும் உண்டு. ஆகவே இந்த வாரத்தில் நகரின் நடுவை வெளியூர்க்காரர்களுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, விளிம்பில் உள்ள பூங்காக்களையும் சிறு அருங்காட்சியகங்களையும் நாம் எடுத்துக்கொள்வது நல்ல பங்கீடு.

சாப்பாட்டிலும் வீடு வெல்கிறது. நடு இலையுதிர்காலத் திருவிழாவை ஒட்டி ஹுவாய்ஹாய் சாலைக் கடைகளில் பன்றி இறைச்சிப் பூரணம் வைத்த மூன்கேக் என்ற திருவிழாப் பணியாரத்தைச் சுடச்சுட எடுத்துத் தருவார்கள்; மேலோடு அடுக்கடுக்காக உதிர, முதல் கடியிலேயே உள்ளிருந்து சாறு ஒழுகும். அதைச் சாப்பிடாதவர்களுக்கு, 1922-இல் தொடங்கிய கொங்தேலின் என்ற சைவ உணவகம் தன் சொந்த மூன்கேக்குகளை விற்கிறது. பயணத்தில் சைவக் குடும்பங்கள் படும் பாடு பெரிது. காய்கறி வதக்கலில்கூடப் பன்றிக் கொழுப்பு சேர்ந்திருக்கலாம் என்பதால் கடைக்குக் கடை விசாரிக்க வேண்டியிருக்கும். வீட்டிலிருந்தால் கொலுவும் வைக்கலாம், சுண்டலும் செய்யலாம், நவராத்திரிக்கு அக்கம்பக்கத்துச் சீனக் குடும்பங்களை அழைத்தால் அவர்கள் பதிலுக்கு மூன்கேக் பெட்டியோடு வந்து நிற்பார்கள்.

உள்நாட்டுப் பயணிகளுக்கு இல்லாத ஒரு வசதி நமக்கு உண்டு. சில பன்னாட்டுப் பள்ளிகள் அக்டோபர் இறுதியில் தனியாக ஒரு விடுமுறை விடுகின்றன. அந்த நாட்களில் சீனப் பள்ளிகள் நடந்துகொண்டிருக்கும். ஹாங்சோவில் மணக்கும் குய்ஹுவா பூ, வெப்பம் நீடிக்கும் ஆண்டுகளில் அக்டோபர் நடுப்பகுதிக்குப் பிறகே முழுதாக மலர்கிறது. யாங்செங் ஏரி நண்டும் அக்டோபர் தொடக்கத்தைவிட நவம்பரில்தான் கொழுத்திருக்கும். பள்ளி அப்படி விடுமுறை விடுமானால், அப்பா தம் ஆண்டு விடுப்பில் மூன்று நாட்களை அதற்கென ஒதுக்கிக்கொண்டு, தேசிய தின வாரத்தை வீட்டில் கழிப்பதே சரியான ஏற்பாடு. பள்ளியும் அலுவலகமும் அந்த ஒரு வாரத்தை மட்டுமே தருமானால், முதல் மூன்று நாட்களை விட்டுவிட்டு 4 அல்லது 5-ஆம் தேதி ஷாங்காய்க்கு அருகில் உள்ள ஊர் ஒன்றுக்குப் புறப்பட்டு, திரும்பும் டிக்கெட்டை விடுமுறையின் கடைசி நாளுக்கு முந்தைய நாள் காலைக்கு எடுத்துவிட வேண்டும். மாலை ரயிலை நம்பினால் ஹொங்சியாவ் நிலையத்தில் டாக்சி வரிசையிலேயே இரவாகிவிடும்.