பெக் பவுடரா, பாஸ்பேட் மருந்தா?

கொலோனோஸ்கோபிக்கு (பெருங்குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் பரிசோதனை) முன் குடலைச் சுத்தம் செய்ய பெக் (பாலிஎத்திலீன் கிளைக்கால்) பவுடர் என்றால், வழக்கமாக இரண்டு லிட்டர் தண்ணீரில் கரைத்து, கால் மணி நேரத்துக்கு ஒரு டம்ளராகக் குடித்து முடிக்க வேண்டும். உப்புக் கரிக்கும்; ஐந்தாவது டம்ளரில் குமட்டும். (ஃபிரிட்ஜில் வைத்தால் கொஞ்சம் இறங்கும்.) ஆனால் உடம்பில் சேராமல் அப்படியே வெளியேறிவிடும்.

சோடியம் பாஸ்பேட் 45 மில்லி வீதம் இரண்டே வேளை. குடிக்கச் சுலபம்தான். ஆனால் அது உடம்பின் நீரையே குடலுக்குள் இழுக்கும். பாஸ்பேட் சிறுநீரகத்தில் படிந்து அதைக் கெடுக்கவும் கூடும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2008-இல் கடுமையாக எச்சரித்தது இதற்காகத்தான். வயதானவர், சிறுநீரக நோயாளி, சிலவகை பிரஷர் மாத்திரை போடுபவர் என்றால் யோசிக்கவே வேண்டாம், பெக்தான்.

அதையும் ஒரே இரவில் குடிக்காமல், பாதியைப் பரிசோதனை நாள் விடியற்காலைக்கு வைத்தால் குடல் இன்னும் சுத்தமாகும். மலம் சிறுநீர் போல மஞ்சளாய்த் தெளிந்து போனால் தயார்.