பெட்டியில் 450, லேபிளில் 168: எந்த எஸ்எம்பிஎஸ் வாங்குவது?

போன ஆண்டு ஆனி மாதம் சிவகாசியிலிருந்து என் மைத்துனர் அழைத்தார். அங்கே சிறிய டிடிபி கடை வைத்திருக்கிறார். ஆடிப்பெருக்கன்று காலண்டர் ஆல்பங்கள் வெளிவந்துவிடும் என்பதால் ஆனி முழுக்க அவருக்குத் தூக்கம் கிடையாது. "அத்தான், கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறும்போதெல்லாம் கம்ப்யூட்டர் அணைந்து மறுபடி எழுகிறது. இன்வெர்ட்டரில்தான் கோளாறா?" என்று கேட்டார். வேலை முடியட்டும், வந்து பார்க்கிறேன் என்றேன். அது என் தவறு. மூன்று நாள் கழித்து, பட்டென்று சத்தம், கருகிய வாடை. மதர்போர்டும் ஹார்ட் டிஸ்க்கும் சேர்ந்தே போய்விட்டன. பாதி முடிந்த டிசைன்களும் அந்த டிஸ்க்கோடு போயின.

நேரில் போய்க் கழற்றினேன். கேபினெட்டோடு சேர்ந்து வந்த எஸ்எம்பிஎஸ், அதாவது சுவர் மின்சாரத்தைக் கணினிக்கேற்ற மின்னழுத்தங்களாக மாற்றித் தரும் பெட்டி. முகப்பில் பெரிய எழுத்தில் 450, அதாவது 450 வாட். பக்கவாட்டில் ஒட்டியிருந்த லேபிளில் 12 வோல்ட் வரிசைக்கு எதிரே 14 ஆம்பியர் என்று சின்னதாக அச்சிட்டிருந்தது. 12ஐ 14ஆல் பெருக்கினால் 168 வாட். இன்றைய கணினியில் பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் ஏறக்குறைய முழுவதுமாக இந்த 12 வோல்ட்டிலிருந்துதான் எடுத்துக்கொள்கின்றன. மிச்சமுள்ள வாட் எல்லாம் 3.3, 5 வோல்ட் வரிசைகளில் கணக்குக்காகச் சேர்க்கப்பட்டவை. அந்த 5 வோல்ட்டை இத்தனை அள்ளிக் குடிக்கும் கணினிகள் இருபது ஆண்டுகளுக்கு முன்பே போய்விட்டன.

உள்ளே இன்னும் மோசம். மின்சாரம் நுழையும் இடத்தில் இருக்க வேண்டிய வடிகட்டிச் சுருளின் படம் மட்டும் பலகையில் அச்சாகியிருந்தது. சுருள் இல்லை, அந்த இடத்தில் இரண்டு வெறும் கம்பிகளைப் பற்றவைத்திருந்தார்கள். மின்னல், மின்னழுத்த எகிறலைத் தாங்கும் எம்ஓவி என்ற சிறு பாகமும் இல்லை. வெளியீட்டுப் பக்கத்தில் இரண்டு மின்தேக்கிகளின் (கெபாசிட்டர்) தலை பூரிபோல உப்பியிருந்தது. ஒன்றின் அடியில் பழுப்பு நிறத்தில் கசிந்து காய்ந்திருந்தது. (பயிற்சி இல்லாதவர்கள் இதைத் திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் முதன்மை மின்தேக்கியில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கும்.)

இனி அவருக்கு எதை வாங்குவது என்ற கேள்வி வந்தபோது எதிரே நான்கு வழிகள் இருந்தன. ஒன்று, இதேபோன்ற மலிவு எஸ்எம்பிஎஸ் மறுபடியும். இரண்டு, கைமாறி வரும் பழைய அலுவலகக் கணினியிலிருந்து எடுத்தது. மூன்று, பெயர்பெற்ற நிறுவனங்களின் 80 பிளஸ் என்ற மின்திறன் சான்றில் பிரான்ஸ் (வெண்கல) தரத்தில் 550 வாட். நான்கு, அதே சான்றில் கோல்டு (தங்க) தரத்தில் 650 அல்லது 750 வாட்.

முதல் வழியைப் பற்றிச் சொல்லியாயிற்று. கடையில் பார்த்தவுடன் இதை அடையாளம் காண ஒரு குறி உண்டு: பின்பக்கம் 115, 230 என்று மாற்றும் சிவப்புச் சுவிட்ச். அது இருந்தால் பழைய வடிவமைப்பு. உள்ளே வரும் மின்சாரத்தைச் சீராக இழுக்கும் ஆக்டிவ் பிஎஃப்சி அதில் இருக்காது. யாராவது அந்தச் சுவிட்சை 115 பக்கம் தள்ளிவிட்டு நம் ஊர் 230 வோல்ட்டில் செருகினால் அந்த நொடியே வெடிக்கும். சுவிட்ச் இல்லாததாலேயே நல்லது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் இருந்தால் கீழே வைத்துவிடலாம்.

இரண்டாவது வழி ஆசை காட்டும். டெல், ஹெச்பி போன்ற அலுவலகக் கணினிகளின் எஸ்எம்பிஎஸ் பெரும்பாலும் நேர்மையாகச் செய்யப்பட்டவை. 240 வாட் என்று போட்டிருந்தால் 240 வாட் தரும். சிக்கல் வேறு. அளவும் திருகுத் துளைகளும் சாதாரணக் கேபினெட்டில் பொருந்தாது. பல மாடல்களில் மதர்போர்டுக்குப் போகும் இணைப்பே வேறு. போதாதற்கு எட்டுப் பத்து ஆண்டு ஓடிய மின்தேக்கிகள். அதே நிறுவனத்தின் அதே கணினிக்கு மாற்று என்றால் வாங்கலாம், மற்றபடி வேண்டாம்.

ஆக, உண்மையான போட்டி பிரான்ஸுக்கும் கோல்டுக்கும்தான்.

முதலில் தேவை எவ்வளவு என்று பார்ப்போம். நடுத்தரக் கணினி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இன்டெல் கோர் ஐ5 12400எஃப் முழு வேகத்தில் எடுப்பது 117 வாட். என்விடியா ஆர்டிஎக்ஸ் 4060 கார்டுக்கு 115 வாட். மதர்போர்டு, ரேம், டிஸ்க், விசிறிகளுக்குத் தாராளமாக 50 என்று வைத்தாலும் 282 வாட்தான். உண்மையான 550 வாட் எஸ்எம்பிஎஸ் இதைப் பாதி உழைப்பில் சுமந்துவிடும். 12 வோல்ட் வரிசையில் மட்டும் 45 ஆம்பியர் அளவுக்குத் தரக்கூடியது அது. என் மைத்துனரின் கணினி இதைவிடவும் சின்னது. 850 வாட் வாங்கிவைத்தால் பாதுகாப்பு என்று சொல்லும் கடைக்காரர்கள் உண்டு. தரமில்லாத 850ஐவிடத் தரமான 550 எத்தனையோ மடங்கு மேல்.

அடுத்து பிரான்ஸ், கோல்டு என்ற பதக்கங்கள். 80 பிளஸ் திட்டம் 2004இல் தொடங்கியது. சுவரிலிருந்து இழுக்கும் மின்சாரத்தில் எத்தனை சதவீதம் கணினிக்குப் போய்ச் சேருகிறது என்பதை மட்டும் அது அளக்கிறது. 115 வோல்ட் சோதனையில், பாதிச் சுமையில் பிரான்ஸுக்கு 85 சதவீதம், கோல்டுக்கு 90 சதவீதம். கரண்ட் பில்லில் மிச்சம் பிடிக்கலாம் என்று கோல்டு வாங்குகிறவர்களுக்காக ஒரு கணக்கு. கணினி 250 வாட் எடுத்துக்கொண்டு நாளைக்கு 8 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் ஓடுகிறது. பிரான்ஸ் சுவரிலிருந்து 294 வாட் இழுக்கும், கோல்டு 278. வித்தியாசம் 16 வாட், ஆண்டுக்கு 39 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று கொண்டால் 312 ரூபாய். இரண்டுக்கும் விலை வித்தியாசம் 3,000 ரூபாய் என்றால் அதை மீட்கவே பத்து ஆண்டு ஆகும். கோல்டு வாங்குவதற்கு வேறு காரணம் இருக்க வேண்டும்.

வேறு காரணம் இருக்கத்தான் செய்கிறது: உத்தரவாதமும் உள்ளே இருக்கும் பொருளும். கோர்செய்ரின் சிஎக்ஸ், கூலர் மாஸ்டரின் எம்டபிள்யூஇ பிரான்ஸ் வி2 ஆகியவற்றுக்கு 5 ஆண்டு உத்தரவாதம். கோர்செய்ர் ஆர்எம்இ வரிசைக்கு 7 ஆண்டு, ஆர்எம்எக்ஸுக்கும் சீசானிக் ஃபோகஸ் ஜிஎக்ஸுக்கும் 10 ஆண்டு. மேல்தட்டு மாடல்களில் எல்லாமே 105 டிகிரி தாங்கும் மின்தேக்கிகள். மலிவானவற்றில் 85 டிகிரி மின்தேக்கிகள் கலந்திருக்கும். வெப்பம் 10 டிகிரி குறைந்தால் மின்தேக்கியின் ஆயுள் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது இந்தத் துறையின் பழைய கணக்கு. 80 பிளஸ் சோதனை 23 டிகிரி அறையில் நடக்கிறது. சிவகாசியில் மே மாதம் தகரக் கூரைக்குக் கீழே இருக்கும் கடையில் 23 டிகிரி எங்கே இருக்கிறது? அதனால் எத்தனை டிகிரி வரை முழு வாட் தரும் என்ற வரியைத் தேடிப் படியுங்கள். 40 என்று இருப்பதைவிட 50 என்று இருப்பது நமக்கு உகந்தது.

பதக்கம் சொல்லாத இன்னொன்றுதான் எங்கள் கதையில் முக்கியமானது: கரண்ட் போன அந்தக் கண்ணிமைப்பு நேரம்.

நம் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி. ஒரு சுழற்சிக்கு 20 மில்லிநொடி. சுவரில் கரண்ட் நின்ற பிறகும் எஸ்எம்பிஎஸ் தன் முதன்மை மின்தேக்கியில் தேங்கியிருப்பதைக் கொண்டு சில மில்லிநொடி தாக்குப்பிடிக்க வேண்டும். கணினி எஸ்எம்பிஎஸ்களுக்கு இன்டெல் வகுத்த ஏடிஎக்ஸ் 3.1 விதிமுறை 80 சதவீதச் சுமையில் 17 மில்லிநொடியும் முழுச் சுமையில் 12 மில்லிநொடியும் கேட்கிறது. நல்ல எஸ்எம்பிஎஸ்ஸில் 400 வோல்ட் தாங்கும் தடித்த மின்தேக்கி ஒன்று கட்டைவிரலைவிடப் பெரிதாக நிற்கும். இந்த வேலையைச் செய்வது அதுதான். மைத்துனரின் பெட்டியில் சுண்டுவிரல் பருமனில் இரண்டு இருந்தன.

மறுபக்கம், இன்வெர்ட்டர். வீட்டு இன்வெர்ட்டர்கள் பலவற்றில் இகோ, யூபிஎஸ் என்று ஒரு சுவிட்ச் இருக்கும். இகோவில் வைத்தால் மாறுவதற்கு 40 மில்லிநொடி வரைகூட எடுத்துக்கொள்ளும். விசிறிக்கும் விளக்குக்கும் அது போதும். யூபிஎஸ் நிலையில் பத்துப் பதினைந்து மில்லிநொடிக்குள் மாறிவிடும். மைத்துனர் கடையில் அந்தச் சுவிட்ச் வாங்கிய நாளிலிருந்து இகோவில்தான் இருந்திருக்கிறது. யூபிஎஸ் பக்கம் தள்ளியிருந்தால் நல்ல எஸ்எம்பிஎஸ் தப்பித்திருக்கும். அவரிடம் இருந்தது அப்போதும் தடுமாறியிருக்கும். ஆக்டிவ் பிஎஃப்சி உள்ள எஸ்எம்பிஎஸ் வாங்கினால் இன்வெர்ட்டர் சைன் வேவ் வகையாக இருக்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டருக்கு மாறும் நேரத்தில் நல்ல எஸ்எம்பிஎஸ்ஸே சில சமயம் அணைந்துவிடும்.

மின்னழுத்தம் குறையும் ஊர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. ஒரே பெயரில் இரண்டு பதிப்புகள் விற்கப்படுவதுண்டு. எம்டபிள்யூஇ பிரான்ஸ் வி2 வரிசையிலேயே 200 முதல் 240 வோல்ட் வரை மட்டும் ஏற்பதும் இருக்கிறது, 100 முதல் 240 வரை ஏற்பதும் இருக்கிறது. டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து தள்ளியிருக்கும் கடைசி வீடுகளில் மாலை ஏழு மணிக்கு 170 வோல்ட்டுக்கு இறங்கினால் முதலாவது கைவிட்டுவிடலாம், இரண்டாவது அசராது. சில நூறு ரூபாய் கூடுதலானாலும் 100–240 என்று லேபிளில் போட்டதையே கேட்டு வாங்குங்கள். என்னைக் கேட்டால், பிரான்ஸா கோல்டா என்பதைவிட இந்த ஒரு வரி நம் ஊர்ப்புறங்களுக்கு முக்கியம்.

எஸ்எம்பிஎஸ் என்றைக்கோ ஒருநாள் சாகும். சாகும்போது தனியாகச் சாக வேண்டும், மதர்போர்டையும் டிஸ்க்கையும் கூட அழைத்துக்கொண்டு போகக் கூடாது. மின்னழுத்தம் எகிறினால், ஷார்ட் ஆனால், சுமை மீறினால், சூடு மீறினால் தானே அணைந்துகொள்ளும் காப்புச் சுற்றுகள் அதற்குத்தான். இவை பெட்டியில் எழுதியிருந்தால் மட்டும் போதாது, சரியான அளவில் அமைந்திருக்கவும் வேண்டும். 2021இல் கிகாபைட்டின் ஜிபி-பி750ஜிஎம், பி850ஜிஎம் என்ற இரு மாடல்கள் சோதனைகளில் வெடித்துப் போனது பெரிய செய்தியானது. இரண்டும் கோல்டு பதக்கம் பெற்றவை. அந்த நிறுவனம் சுமைக் காப்பு செயல்படும் அளவை 120–150 சதவீதத்திலிருந்து 110–120க்கு இறக்கியது, விற்றவற்றை மாற்றித் தரவும் முன்வந்தது. பதக்கத்தை மட்டும் நம்பாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். சைப்ரஸைச் சேர்ந்த சைபெனெடிக்ஸ் நிறுவனம் பல மாடல்களைச் சோதித்து அறிக்கைகளைப் பொதுவில் வைத்திருக்கிறது. தாக்குப்பிடிக்கும் நேரம், காப்புச் சுற்றுகள், இரைச்சல் எல்லாம் அதில் இருக்கும். வாங்க நினைக்கும் மாடலின் பெயரை அங்கே ஒருமுறை தேடுவதற்கு ஐந்து நிமிடம் ஆகாது.

பெரிய கிராபிக்ஸ் கார்டு போடுகிறவர்களுக்குப் பிரான்ஸ் 550 பற்றிய பேச்சே வேண்டாம். கார்டுகள் கண நேரத்துக்குத் தங்கள் அளவைப்போல இரு மடங்கு இழுக்கும், ஏடிஎக்ஸ் 3.0 எஸ்எம்பிஎஸ் அந்த எகிறலைத் தாங்கும்படி வடிவமைக்கப்பட்டது. 2022இல் ஆர்டிஎக்ஸ் 4090 கார்டுகளில் 16 ஊசி இணைப்பு உருகிய பிறகு, 12வி-2x6 என்ற திருத்திய வடிவம் ஏடிஎக்ஸ் 3.1உடன் வந்தது. அந்த வகைக் கார்டுக்கு இதுவே வேண்டும். இணைப்பையும் கடைசிவரை அழுத்திச் செருக வேண்டும். கழற்றி மாட்டும் வயர்கள் உள்ள மாடல் என்றால் வேறொரு எஸ்எம்பிஎஸ்ஸின் வயரை அதில் ஒருபோதும் செருகாதீர்கள். ஊசிகள் பொருந்தும், உள்ளே ஓடும் மின்னழுத்தம் மாறியிருக்கும்.

மைத்துனருக்கு 100–240 வோல்ட் ஏற்கும் பிரான்ஸ் 550 வாங்கினேன். பெரிய கார்டு போட்டு நாள் முழுக்க வீடியோ ரெண்டர் செய்கிற கடையாக இருந்தால் 10 ஆண்டு உத்தரவாதமுள்ள கோல்டு 750 வாங்கியிருப்பேன். அவருடைய கோரல்டிராவுக்கும் போட்டோஷாப்புக்கும் அது தேவைப்படவில்லை. மிச்சமான பணத்தில் ஒரு எலக்ட்ரீஷியனை வரவழைத்தோம். கேபினெட்டின் இரும்பைத் தொட்டால் சுருக்கென்று இழுப்பதைக் கடையில் யாரும் பொருட்படுத்தாமல் இருந்திருக்கிறார்கள். பிளக் பாயிண்டின் மூன்றாவது துளைக்கு எர்த் வயரே போகவில்லை. எர்த் இல்லாவிட்டால் எந்த எஸ்எம்பிஎஸ்ஸின் வடிகட்டியும் கேபினெட்டின் மேல் இப்படி மின்சாரத்தைக் கசியவிடும். எர்த் இழுத்தோம், இன்வெர்ட்டர் சுவிட்சை யூபிஎஸ் பக்கம் தள்ளினோம், மெயினை நாலைந்து முறை இறக்கி ஏற்றிப் பார்த்தோம். திரை இமைக்கவில்லை.

பழைய பெட்டியைக் கடைப் பையன் எடைக்குப் போடக் கேட்டான். வயர்கள் அத்தனையையும் அடியோடு வெட்டிவிட்டுத்தான் கொடுத்தேன். வெட்டாமல் கொடுத்திருந்தால், துடைத்து இன்னொரு கேபினெட்டில் மாட்டியிருப்பார்கள்.