மாடியில் அறை எழுப்ப அனுமதி: ஒரு பொறியாளர் அலுவலகத்தின் சேவை

இருக்கும் வீட்டோடு ஓர் அறையையோ மேல்தளத்தையோ சேர்த்துக் கட்ட அனுமதி வாங்குவது, வெற்று மனையில் புது வீட்டுக்கு அனுமதி வாங்குவதைவிடச் சிக்கலானது. ஏனெனில் வரப்போகும் அறைகளோடு, ஏற்கெனவே நிற்கும் கட்டடமும் பரிசீலனைக்கு உள்ளாகிறது. எங்கள் வீட்டு மாடியில் இரண்டு அறைகள் எழுப்புவதற்கு வரைபடம் தயாரித்து விண்ணப்பித்துக் கொடுத்த பொறியாளர் அலுவலகம் இதை நன்றாக அறிந்திருந்தது. புதிய அறைகளைப் பற்றிப் பேச்செடுக்கும் முன்பே, பழைய அனுமதி வரைபடத்தைக் கேட்டு வாங்கி, வீடு முழுவதையும் அளந்து, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள்.

முந்தைய உரிமையாளர் பின்புறத்தில் போட்டிருந்த கூரை அந்த வரைபடத்தில் இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. எல்லைச் சுவரை ஒட்டி விட வேண்டிய திறந்தவெளியை அது அடைத்துக்கொண்டிருந்தது. அதை அகற்றிய பிறகே விண்ணப்பிக்க வேண்டும் என்று அவர்கள் உறுதியாக நின்றார்கள். கேட்கக் கசப்பாக இருந்தாலும் நேர்மையான ஆலோசனை அது. தளப்பரப்புக் கணக்கையும் பொறுமையாக விளக்கினார்கள். மனைப்பரப்பைப் போல எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்பதைச் சொல்லும் எண்தான் தளப்பரப்புக் குறியீடு. 2,000 சதுர அடி மனைக்கு அது 1.5 என்று விதி இருந்தால், கணக்கில் வரும் தளங்கள் எல்லாம் சேர்ந்து 3,000 சதுர அடியைத் தாண்டக் கூடாது. கீழ்த்தளம் எடுத்துக்கொண்ட பரப்பைக் கழித்த பிறகு மிஞ்சுவதே மாடிக்கு.

இவர்களை நான் தயங்காமல் பரிந்துரைப்பதற்கு முதன்மையான காரணம், பழைய கட்டடத்தின் தாங்குதிறனை அவர்கள் சோதித்த விதம். தூணின் அருகே குழி தோண்டி அஸ்திவாரத்தின் அகலத்தையும் ஆழத்தையும் நேரில் பார்த்தார்கள்; சுத்தியல் முனை கொண்ட கருவியைக் கான்கிரீட்டில் அழுத்தி, அது எதிர்த்துத் துள்ளும் அளவைக் குறித்துக்கொண்டார்கள்; உள்ளே கம்பிகள் ஓடும் இடங்களை வேறொரு கருவியால் கண்டறிந்தார்கள். துள்ளல் அளவு மேற்பரப்பின் கடினத்தை மட்டுமே காட்டும் என்பதால் அதை மட்டும் நம்பித் தாங்குதிறனுக்குச் சான்று தர முடியாது என்று அவர்களே முன்வந்து சொன்னது எனக்கு மிகுந்த நம்பிக்கையைத் தந்தது. புதிய சுவர்கள் கீழேயுள்ள பீம்களின் மேலேயே அமையும்படி அறைகளை மாற்றி வரைந்ததும், செங்கல்லுக்குப் பதிலாக எடை குறைந்த ஏஏசி பிளாக்குகளை (உள்ளே காற்றறைகள் கொண்ட கான்கிரீட் கட்டிகளை) குறிப்பிட்டதும் இந்தச் சோதனையின் விளைவுகளே.

விண்ணப்பம் போன பிறகு அதே அக்கறை தொடரவில்லை. மாடிப்படியின் தலையுயரம் (படிக்கும் அதற்கு மேலுள்ள கூரைக்கும் இடையிலான உயரம்) வெட்டுத்தோற்றத்தில், அதாவது கட்டடத்தை நெடுக்காக வெட்டிப் பார்ப்பதுபோல் காட்டும் வரைபடத்தில், காட்டப்படவில்லை என்று விளக்கம் கேட்டு வந்த கடிதத்தை, நாங்கள் தொலைபேசியில் விசாரிக்கும்வரை அவர்கள் தெரிவிக்கவில்லை. வரைபடத்தில் இவ்வளவு கவனம் காட்டுபவர்கள் இதில் அலட்சியமாக இருப்பது வருத்தம் தருகிறது. விண்ணப்பக் கட்டணமும் அவர்களுடைய ஊதியமும் ஒப்பந்தத்தில் ஒரே தொகையாக எழுதப்பட்டிருந்தன. பிரித்து எழுதித் தரும்படி முதலிலேயே கேளுங்கள். பணி நிறைவுச் சான்று பெறும் வேலை அந்தத் தொகையில் அடங்காது என்பதால், அதற்கும் சேர்த்துப் பேசி ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வது நல்லது.