ஒரே விடைத் தொடரா, மகலனோபிஸ் தூரமா?

ஆளுமைக் கேள்வித்தாளை ஏனோதானோவென்று நிரப்பியவரைப் பிடிக்க, ஒரே விடை அடுத்தடுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணலாம். ‘நான் கலகலப்பானவன்’, ‘யாரோடும் பேசமாட்டேன்’ இரண்டுக்கும் 4 (1 என்றால் துளியும் இல்லை, 5 என்றால் முழுக்கச் சரி), அப்புறமும் 4, 4 என்று போனால் ஆள் மாட்டினார். எக்செல்லே போதும். ஆனால் 2, 5, 1, 3 என்று கலைத்துப் போடுபவர் தப்பிவிடுவார்.

அவருக்குத்தான் இந்தியப் புள்ளியியலாளர் பி. சி. மகலனோபிஸ் 1936-இல் வெளியிட்ட தூரக் கணக்கு. கேள்விகளுக்கு இடையிலான தொடர்பையும் சேர்த்து, ஒருவரின் விடைகள் குழுவின் சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகின்றன என்று அளக்கும். வேடிக்கை என்னவென்றால், எல்லாவற்றுக்கும் நடுவிலுள்ள 3-ஐப் போட்டவர் இதில் பெரும்பாலும் நல்லபிள்ளையாகத் தெரிவார். உண்மையிலேயே வித்தியாசமான மனிதர் சிக்கிக்கொள்வார். நான் முதலில் எண்ணிவிட்டுத்தான் தூரத்துக்குப் போவேன். அதுவும் ஆளை நீக்க அல்ல, விடைத்தாளை மறுபடி எடுத்துப் பார்க்க.