கார் பென்டிரைவில் பாடல்களைப் பதிய எம்பி3 (ஒலியின் சில நுணுக்கங்களை நீக்கிச் சுருக்கும் கோப்பு வடிவம்) ஏற்றதா, ஃப்ளாக் (எதையும் நீக்காமல் சுருக்கும் வடிவம்) ஏற்றதா?

இடம்: 320 கேபிபிஎஸ் (நொடிக்கு 320 கிலோபிட்) தர எம்பி3 வடிவில் நான்கு நிமிடப் பாடல் ஏறத்தாழ 10 மெகாபைட், சிடி தரமுள்ள ஃப்ளாக்கில் பெரும்பாலும் 25 முதல் 30 மெகாபைட்.

இயக்கம்: எம்பி3 ஏறக்குறைய எல்லாக் கார்களிலும் பாடும், ஃப்ளாக்கைப் பழைய பிளேயர்கள் பல ஏற்பதில்லை.

ஒலி: ஃப்ளாக் மூல ஒலியில் எதையும் இழப்பதில்லை என்பது உண்மையே, ஆயினும் எஞ்சின் இரைச்சலும் டயர் ஓசையும் சூழ்ந்த ஓட்டத்தில் அந்த நுண்ணிய வேறுபாடு காதுக்கு எட்டுவது அரிது.

ஆகவே நெடும்பயணம் செல்வோருக்கு எம்பி3 போதும். நல்ல ஸ்பீக்கர்கள் பொருத்தி, வண்டியை நிறுத்திவைத்து ஊன்றிக் கேட்போருக்கு ஃப்ளாக் தகும். எதைத் தேர்ந்தாலும் ஃப்ளாக் மூலப் பிரதிகளை வீட்டுக் கணினியில் அவசியம் வைத்திருங்கள். அவற்றிலிருந்து எம்பி3 உருவாக்கலாமே தவிர, எம்பி3 இழந்த ஒலியை எவ்வகையிலும் மீட்க முடியாது.