டெபியனும் கிராபிக்ஸ் டிரைவரும்: இரண்டு கணினிகளில் பல வருட அனுபவம்

வீட்டில் இரண்டு கணினிகள், இரண்டிலும் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளம்தான். டெஸ்க்டாப்பில் ஏஎம்டி ரேடியான் ஆர்எக்ஸ் 580 கார்டு. லேப்டாப்பில் இன்டெல் கிராபிக்ஸோடு என்விடியா ஜிடிஎக்ஸ் 1650. டெபியன் 11, 12, இப்போது 13 என்று மூன்று பதிப்புகளை இரண்டிலும் ஓட்டியாகிவிட்டது. லினக்ஸுக்கு மாற நினைப்பவர்கள் முதலில் "எந்த டிஸ்ட்ரோ நல்லது?" என்று, அதாவது எந்த லினக்ஸ் வகை என்றுதான் கேட்கிறார்கள். அதைவிட முக்கியமாக நான் நினைப்பது வேறு: உங்கள் கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவர், லினக்ஸின் மையமான கெர்னலுக்குள்ளேயே இருக்கிறதா, வெளியிலிருந்து கொண்டுவர வேண்டுமா?

ஆர்எக்ஸ் 580 பற்றிச் சொல்ல அதிகமில்லை, அதுதான் அதன் பெருமை. ஏஎம்டி கார்டுகளுக்கான ஏஎம்டிஜிபியு டிரைவர் 2015இல் கெர்னல் 4.2இலேயே சேர்ந்துவிட்டது. ஓபன்ஜிஎல், வல்கன் என்ற வரைகலை இடைமுகங்களின் வேலைகளை மெசா என்ற கட்டற்ற மென்பொருள் தொகுப்பு பார்த்துக்கொள்கிறது. கெர்னல் மாறினால் டிரைவரும் கூடவே மாறும். தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை. தேவைப்படுவது ஃபர்ம்வேர் மட்டும், அதாவது கார்டின் சிப்புக்குள் ஏற்றப்படும் நிறுவனத்தின் சிறு மென்பொருள். டெபியன் 11 வரை அதிகாரப்பூர்வ ஐஎஸ்ஓவில் (நிறுவல் கோப்பில்) அது கிடையாது; கட்டற்றதல்லாத மென்பொருள்களுக்கான நான்-ஃப்ரீ பகுதியைச் சேர்த்து, ஃபர்ம்வேர் பொதியை நாமே போட வேண்டும். 2022இல் டெபியன் உறுப்பினர்கள் வாக்கெடுப்பு நடத்தி இதை மாற்றினார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் ஃபர்ம்வேர் ஐஎஸ்ஓவிலேயே வருகிறது. கொள்கைப் பிடிப்புள்ள சிலருக்கு இதில் வருத்தம் உண்டு. எனக்கு மகிழ்ச்சிதான். திரையே வராமல் உட்கார்ந்திருப்பவரிடம் கட்டற்ற மென்பொருளின் அருமையைப் பேசி என்ன பயன்?

லேப்டாப் கதை கொஞ்சம் நீளம். என்விடியா கார்டுகளுக்குக் கெர்னலில் இருக்கும் டிரைவர் நூவோ. ஜிடிஎக்ஸ் 900 வரிசையிலிருந்து, நிறுவனம் கையொப்பமிட்ட ஃபர்ம்வேரை மட்டுமே சிப் ஏற்கும். அதனால் 900, 1000 வரிசைக் கார்டுகளின் வேகத்தை நூவோவால் கூட்ட முடிவதில்லை. 1650 போன்ற டூரிங் தலைமுறைக் கார்டுகளுக்கு, அவற்றிலுள்ள ஜிஎஸ்பி என்ற துணைச் செயலியின் ஃபர்ம்வேர் மூலம் கெர்னல் 6.7இல் வழி பிறந்தது. ஆனால் பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் சைக்கிள்ஸ் ரெண்டருக்கு (படத்தை உருவாக்கும் பகுதி) எனக்கு என்விடியாவின் கணிப்புத் தொழில்நுட்பமான குடா வேண்டும், அதற்கு நிறுவனத்தின் டிரைவர்தான்.

அந்த டிரைவர் கெர்னலுக்கு வெளியே இருப்பது. ஒவ்வொரு புதிய கெர்னல் வரும்போதும் டிகேஎம்எஸ் என்ற கருவி அதை மறுபடி கம்பைல் செய்கிறது. அதற்குக் கெர்னல் ஹெடர் பொதி கட்டாயம். லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஏஎம்டி64 என்ற பொதியைப் போட்டுவைத்தால் ஒவ்வொரு கெர்னலுக்கும் உரிய ஹெடர் தானாக வந்துவிடும். அது இல்லாமல் புதிய கெர்னல் ஏறினால் டிரைவர் உருவாகாது; என்விடியா கார்டு வேலை செய்ய, கணினி தொடங்கும்போது வரும் கிரப் மெனுவில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும்.

கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் செக்யூர் பூட் இயங்கும் கணினியில் இன்னொரு படி உண்டு. கையொப்பமில்லாத மாட்யூலை (டிரைவர் கோப்பை) கெர்னல் ஏற்காது. டிகேஎம்எஸ் உருவாக்கிய சாவியை மோக்யுடில் கட்டளையால் பதியச் சொல்லி, தற்காலிகக் கடவுச்சொல் ஒன்றைக் கொடுத்து ரீபூட் செய்ய வேண்டும். அப்போது நீலத் திரை ஒன்று வந்து, பத்து நொடிக்குள் ஏதாவது ஒரு விசையை அழுத்தச் சொல்லும். கண் சிமிட்டினால் போய்விடும், பதிவுக் கோரிக்கையையும் மறுபடி கொடுக்க வேண்டும். அழுத்தினால் 'என்ரோல் மோக்', 'கன்டினியூ', 'யெஸ்', பிறகு அந்தக் கடவுச்சொல். திரையில் எழுத்து எதுவும் தெரியாது, தட்டச்சிட்டுக்கொண்டே போகலாம். புதிதாக வருபவர்களுக்கு இந்தத் திரையைப் பற்றி யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை என்பது என் ஆதங்கம். வைரஸ் வந்துவிட்டதோ என்று பயந்து கணினியை அணைத்துவிடுபவர்களும் உண்டு.

எல்லாம் முடிந்ததும் டெர்மினலில் ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ கட்டளையை ஓட்டி, ரெண்டரர் என்ற வரியைப் பாருங்கள். உங்கள் கார்டின் பெயர் இருந்தால் சரி. எல்எல்விஎம்பைப் என்று இருந்தால் கார்டு சும்மா கிடக்கிறது, திரையை வரைவது சிபியு. வீடியோ திக்கித் திக்கி ஓடுவதற்கும் விசிறி இரைவதற்கும் பெரும்பாலும் காரணம் அதுதான்.

அன்றாட வேலைக்கு லேப்டாப் இன்டெலிலேயே ஓடுகிறது. க்னோம் திரை இடைமுகத்தில் பிளெண்டர் ஐகானை வலது கிளிக் செய்து தனி கிராபிக்ஸ் கார்டில் திறக்கச் சொன்னால் போதும், மற்ற நேரத்தில் 1650 உறங்கிக்கிடக்கும். வெளித்திரையைச் செருகினால் மட்டும் அது விழித்துக்கொள்ளும், ஏனென்றால் என் லேப்டாப்பில் எச்டிஎம்ஐ போர்ட் அந்தச் சிப்போடு இணைந்திருக்கிறது.

செகண்ட் ஹேண்டில் வாங்குபவர்கள் ஆயுளையும் பார்க்க வேண்டும். மலிவாகக் கிடைக்கும் ஜிடி 710க்கு என்விடியாவின் 470 வரிசை டிரைவரோடு ஆதரவு முடிந்தது. 2016இல் வந்த ஜிடிஎக்ஸ் 1060க்கு 580 வரிசைதான் கடைசி. அடுத்த வருடம் வந்த ஆர்எக்ஸ் 580க்கு இன்றும் கெர்னலிலும் மெசாவிலும் இடம் இருக்கிறது. ஆனால் இன்றைய பிளெண்டரில் சைக்கிள்ஸ் அந்தக் கார்டில் ஓடாது, சிபியுவில்தான் ரெண்டர் ஆகும். குடா தேவைப்படுபவர் டூரிங் அல்லது அதற்குப் பிந்தைய என்விடியா கார்டாகப் பாருங்கள். மற்றவர்களுக்கு ஏஎம்டியோ இன்டெலோ போதும்.